வாய் பேச இயலாத பெற்றோரின் உரிமைகள்

 



பெற்றோரைப் பேணுவதன் சிறப்பை அறியாத முஸ்லிம் இல்லை. தன்னையன்றி எவரையும் வணங்கலாகாது என்று கட்டளையிட்ட அதே வசனத்திலேயே (17:23) பெற்றோருக்கு நன்மை செய்ய வேண்டுமென்றும் அல்லாஹ் விதித்திருக்கிறான். அவர்களில் ஒருவரோ இருவருமோ நம்மிடத்தில் முதுமையை அடைந்துவிட்டால், அவர்களை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லாதிருக்கவும், கண்ணியமாகவே பேசவும் நம்மைப் பணிக்கிறான். ஜும்ஆ மேடையில் இந்த வசனத்தை ஓதி எத்தனையோ முறை பயான் செய்தவன் நான். ஆயினும் என் உம்மா பக்கவாதத்தில் வீழ்ந்த அன்றுதான், அந்த வசனத்தில் பாதியை மட்டுமே விளங்கியிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. பெற்றோரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று அறிந்திருந்தேன். பேச முடியாத பெற்றோர் சொல்வதை எப்படிக் கேட்பது என்று அறிந்திருக்கவில்லை.

என் குறையை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் ஒரு வீட்டிலாவது அந்தக் குறை நேராதிருந்தால், அதன் நன்மை என் உம்மாவின் கப்ருக்குச் சேரட்டும்.

அன்று நடந்தது

காயல்பட்டினத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். வீடு பெண்மக்களுக்கு உரியது. ஆண்மக்கள் திருமணம் முடிந்தபின் மனைவி வீட்டில் வசிப்பார்கள். அவ்வாறே என் உம்மா லாத்தாவுடன் இருந்தார்கள். நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். ஒருநாள் சுப்ஹுத் தொழுகைக்கு உளுச் செய்ய எழுந்த உம்மாவின் வலக் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது. சத்தம் கேட்டு லாத்தா ஓடிப் பார்க்கையில் உம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச முயன்றார்கள். சொல் வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. வாயுப் பிடிப்பு, சூடாக எண்ணெய் தடவினால் இறங்கிவிடும் என்றார் ஒருவர். புறா இரத்தம் தடவினால் விழுந்த கை எழும் என்றார் இன்னொருவர். இரத்தம் நஜீஸ் என்று சொல்லி அதை மட்டும் தடுத்துவிட்டேன். ஆனால் எண்ணெய் காய்ச்சவும், தடவவும், தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்பவும் நேரம் போய்க்கொண்டே இருந்தது. லுஹருக்குச் சற்று முன்பு தூத்துக்குடி மருத்துவமனையில் சேர்த்தபோது ஏழு மணி நேரம் கடந்திருந்தது.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. வண்டியில் ஏற்றுமுன், வீட்டிலிருந்த ஜம்ஜம் தண்ணீரை எடுத்து ஷிஃபாவுக்கு துஆச் செய்து உம்மாவின் வாயில் ஊற்றினேன். உம்மா முகத்தைத் திருப்பினார்கள். இடக் கையை உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார்கள். நோயின் தளர்ச்சியால் மறுக்கிறார்கள் என்று எண்ணி, மேலும் இரண்டு மிடறு ஊற்றினேன். புரையேறி, முகம் சிவந்து, நெடுநேரம் இருமினார்கள். மூன்றாம் நாள் சளிக் காய்ச்சல் கண்டது. பக்கவாதம் விழுந்தவர்களுக்குத் தொண்டையின் விழுங்கும் சக்தியும் குன்றியிருக்கும், வாயில் ஊற்றும் நீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடும் என்று மருத்துவர் விளக்கினார். என் உம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அதைத்தான் இடக் கையால் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

நாயகத்தின் வீட்டில் நிகழ்ந்தது

மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருக்கையில், புகாரீ ஷரீஃபில் பலமுறை ஓதிய ஒரு ஹதீது என் நெஞ்சில் வந்து நின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் இறுதி நோயில் தளர்ந்து படுத்திருந்தார்கள். வீட்டார் அன்பினால், மருந்தை வாயின் ஓரமாக ஊற்றினார்கள். ஊற்ற வேண்டாம் என்று நாயகம் (ஸல்) சைகை செய்தார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். சற்றுத் தெளிந்ததும் நாயகம் (ஸல்), தாம் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். பின்னர், அங்கு உடனிருந்திராத அப்பாஸ் (ரலி) நீங்கலாக, வீட்டிலிருந்த எல்லோருக்கும் தம் கண்முன்னே அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள். இதனை அறிவிப்பவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்த வீட்டாரைவிட நாயகத்தின் மீது அன்பு கொண்டவர் யார்? அவர்கள் ஊற்றியதும் கெட்ட எண்ணத்தால் அன்று. ஆயினும் நோயாளியின் சைகை ஒரு சொல்லுக்குச் சமம் என்பதும், அன்பு அதனை மீறும் உரிமையைத் தராது என்பதும் அங்கே நிலைநாட்டப்பட்டன. நோயாளிகளை உண்ணும்படியும் பருகும்படியும் வற்புறுத்த வேண்டாம் என்னும் கருத்தில் உக்பத் இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீதும் திர்மிதீயில் இருக்கிறது.

சகோதரர்களே, நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பக்கவாதம் ஒருவரின் கையையும் காலையும் நாவையும் கட்டிப் போடலாம். அவருடைய உரிமைகளை அது எடுத்துக்கொள்வதில்லை. வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், வெட்கம் காக்கப்படும் உரிமையும், தன் தொழுகையைத் தானே தொழும் உரிமையும் அவருக்கு அப்படியே இருக்கின்றன. அவருக்காக எல்லாவற்றையும் நாமே செய்து முடிப்பதைவிட, அவருடையதை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் உண்மையான கித்மத்.

நேரம் ஓர் அமானத்

அல்லாஹ் நோயை இறக்கும்போது அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நாயகத்தின் போதனை. இந்த நோயில் மருத்துவத்தின் பாதி, நேரத்தில் இருக்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் கட்டி அடைப்பதாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலோ பக்கவாதம் வருகிறது. அடைப்பினால் வந்தவர்களில் தகுதியானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதைத் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எந்த வகை என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதற்குமுன் வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பது, கசிவு உள்ளவருக்குப் பெருந்தீங்காக முடியும்.

அடையாளங்கள் மூன்றை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் சொல்லி வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, கையை உயர்த்தச் சொன்னால் ஒன்று தொங்குவது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று திடீரெனக் கண்டாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, வாயில் எதுவும் கொடாமல், உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். எண்ணெய் காய்ச்சுகிற நேரம் அல்ல அது. யாஸீன் ஓதுவதை வண்டியில் போகும்போதே ஓதலாம்.

ஊட்டுகிறவரின் பொறுமை

விழுங்கும் சக்தியை மருத்துவர் சோதித்து அனுமதிக்கும்வரை ஜம்ஜமும் தேனும்கூட வாயில் ஊற்றலாகாது. பரக்கத்தை நாடினால் சுத்தமான துணியை நனைத்து உதடுகளை ஈரப்படுத்தலாம். குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினால் அதைக் கேட்டு நடப்பதே முறை. வற்புறுத்த வேண்டாம் என்ற ஹதீதுக்கு, பட்டினி போடுங்கள் என்று பொருளில்லை.

வாயால் ஊட்ட அனுமதி கிடைத்தபின், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் ஊட்டி, முதல் வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. இதற்குப் பொறுமை வேண்டும். குகையில் பாறை மூடி அடைபட்ட மூவரில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குக் கறந்த பாலைக் கொண்டுவந்தபோது அவர்கள் உறங்கிவிட்டிருந்தனர். அவர்களை எழுப்பவும் மனமின்றி, தன் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கவும் மனமின்றி, விடியும்வரை பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி அவர் நின்றார். அந்த அமலைக் கொண்டு அவர் கேட்ட துஆவினால் பாறை நகர்ந்தது. பால் கொடுத்ததைவிட அவர் காத்து நின்றதே அங்கு எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே அமர்ந்திருக்கும் மகளும் மகனும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தூத்துக்குடி உப்பளங்களின் ஊர். கருவாடும் ஊறுகாயும் இல்லாத சோறு நமக்குச் சோறாகத் தெரிவதில்லை. இரத்தக் கொதிப்பே பக்கவாதத்தின் முதற்காரணம். ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஒருமுறை விழுந்தவருக்கு மறுமுறை வரும் அபாயம் அதிகம். ஆகவே கொதிப்பு மாத்திரையை, உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்துவது தவறு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும், படுத்த படுக்கையாக இருப்போருக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பயன் பெறுங்கள். உரிமையுள்ளதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நாவு கட்டுண்டாலும்

வலப் பக்கம் விழுந்தவர்களுக்கே பெரும்பாலும் பேச்சும் போகிறது. மூளையின் இடப் பாகம் உடலின் வலப் பாகத்தை ஆள்வதோடு, பெரும்பாலோருக்குப் பேச்சையும் ஆள்கிறது. சொல் வராததால் அறிவும் போய்விட்டது என்று நினைப்பது பெரும் அநீதி. 1984 அக்டோபரில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., தெளிவாகப் பேச இயலாத நிலையிலும் 1985 பிப்ரவரியில் மீண்டும் பதவியேற்று, 1987 டிசம்பரில் மறையும்வரை முதலமைச்சராக இருந்ததை நம் வயதினர் கண்டிருக்கிறோம்.

என் உம்மா வீடு திரும்பிய மூன்றாம் வாரம், லாத்தா அருகிலிருந்து ஃபாத்திஹா ஓதிக் கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொல்ல இயலாத உம்மா, ஓதலோடு சேர்ந்து வசனத்தின் கடைசிச் சொற்களைத் தெளிவாக ஓதினார்கள். வீடே அழுதது. நெஞ்சில் ஊறிய ஓதலும் திக்ரும் பாட்டும், சாதாரணப் பேச்சு போன பின்பும் தங்கியிருப்பதுண்டு என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். எழுபது ஆண்டுக் காலம் நாள்தோறும் ஓதிய நாவுக்கு அல்லாஹ் வைத்திருந்த சேமிப்பு அது.

ஆனால் அதிலும் நாங்கள் ஒரு தவறு செய்தோம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், உம்மா ஓதுவார்கள் பாருங்கள் என்று சொல்லி, ஓதும்படி தூண்டினோம். இரண்டு நாளில் உம்மா வாயை இறுக மூடிக் கொண்டார்கள். ஓதல் அவர்களுக்கும் அவர்களுடைய ரப்புக்கும் இடைப்பட்டது. அதைக் காட்சிப் பொருளாக்க எங்களுக்கு என்ன உரிமை?

பிறகு பல மாதங்களுக்கு உம்மாவுக்கு நினைத்தபோது வந்த சொல் பிஸ்மில்லாஹ் ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் பிஸ்மில்லாஹ், கால் வலித்தாலும் பிஸ்மில்லாஹ், பேரனைக் கூப்பிடவும் பிஸ்மில்லாஹ். கண்ணையும் கையையும் பார்த்து எந்த பிஸ்மில்லாஹ் என்று விளங்கிக்கொள்ள நாங்கள் கற்றோம். ஒரே நேரத்தில் ஒரே கேள்வி கேட்பது, ஆம் இல்லை என்று சைகையால் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது, நாமே முந்திக்கொண்டு முடித்துவிடாதிருப்பது ஆகிய இவையே பேச்சிழந்தவரோடு பேசும் அதபு.

தொழுகை அவருக்கே உரியது

உம்மாவுக்கு இனித் தொழுகை இல்லை, படுத்திருப்பதே இபாதத்துதான் என்று ஆறுதல் கூறுவோர் உண்டு. அறிவு நிலைத்திருக்கும்வரை தொழுகை நீங்குவதில்லை என்பதே நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நாயகம் (ஸல்) அருளினார்கள். படுக்கையில் வலப்புறம் ஒருக்களித்துக் கிப்லாவை முன்னோக்குவது முதல் முறை. இயலாவிட்டால் மல்லாந்து படுத்து, பாதங்கள் கிப்லாவை நோக்க, தலையைத் தலையணையால் உயர்த்தி வைக்க வேண்டும். ருகூஉக்கும் ஸஜ்தாவுக்கும் தலையால் சைகை, அதற்கும் இயலாவிட்டால் இமையால், அதற்கும் இயலாவிட்டால் உள்ளத்தால். நடுவில் ஊமையானவர் தம்மால் இயன்றவரை நாவையும் உதட்டையும் அசைத்தால் போதும். ஹனஃபீ மத்ஹபினர் சில இடங்களில் வேறுபடுவார்கள். அவர்கள் தங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உளுவுக்கு உதவுவது குறையன்று. நாயகத்துக்கே முஃகீரா (ரலி) பயணத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் கேடு செய்யும் என்று மருத்துவர் கூறினால் தயம்மம் இருக்கிறது. சிறுநீர் கட்டுப்படாதவர்கள் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி மாற்றி, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளுச் செய்து தொழலாம். ஒவ்வொரு நேரமும் சிரமமானால் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் கருத்தை இமாம் நவவீ (ரஹ்) ஆதரித்திருக்கிறார்கள். ஒரு தொழுகையின் நேரம் முழுதும் உணர்வற்றுக் கிடந்தவருக்கு நம் மத்ஹபில் அத்தொழுகையின் களாவும் இல்லை. நோன்பு வைக்க இனி இயலாது என்று மருத்துவர் முடிவாகச் சொன்னால் நாளொன்றுக்கு ஒரு முத்து வீதம் ஃபித்யா கொடுக்க வேண்டும். தேறும் நம்பிக்கை இருந்தால் தேறியபின் களாச் செய்ய வேண்டும்.

இதை ஏன் விரித்து எழுதினேன் என்றால், உம்மாவுக்குத் தன் நாளைத் திருப்பிக் கொடுத்தது தொழுகைதான். ஐந்து நேரம் பாங்கொலி கேட்டதும் கட்டிலைத் திருப்பினோம், முகம் கழுவினோம், உட்கார வைத்தோம். முதலில் சாய்ந்துதான் இருந்தார்கள். பின்னர் தலையணை இல்லாமல் இருந்தார்கள். ஸலாம் கொடுக்கும்போது வலப்பக்கம் திரும்பிய கழுத்து, நாளடைவில் வலப்பக்கம் இருப்பவர்களையும் கவனிக்கத் தொடங்கியது. தொழுகை வணக்கம்தான், உடற்பயிற்சி அன்று. ஆயினும் இயன்முறைப் பயிற்சியாளரிடம் உம்மா தொழும் முறையைக் காட்டியபோது, இதையே என் பயிற்சிக்கும் அளவாக வைத்துக்கொள்கிறேன் என்றார். சேதமான இடத்தின் வேலையை மூளையின் பிற பாகங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்தால் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் அது நின்றுவிடுவதில்லை.

உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி, நோயுற்றபோதும் அடியானுக்கு எழுதப்படுகிறது என்ற நற்செய்தியையும் அவர்களுக்கு அடிக்கடி சொல்லுங்கள். பள்ளிக்குப் போக முடியவில்லையே என்று கண்ணீர் விடும் வாப்பாமார்களுக்கு அதைவிட நல்ல மருந்தில்லை.

கடமை யாருடையது?

இப்போது ஆண்மக்களோடு சற்றுப் பேச வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் மகன் துறைமுகத்தில் ஷிப்ட் வேலையில் இருப்பான். அல்லது கொழும்பிலோ வளைகுடாவிலோ ஹாங்காங்கிலோ இருப்பான். பணம் தவறாமல் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், புண் வராமல் பார்ப்பதும், மலஜலம் எடுப்பதும் மகளின் தலையிலோ மருமகளின் தலையிலோ விழும். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள் புரியும் இஹ்ஸான். மார்க்கம் அதை அவள் மீது கடமையாக்கவில்லை. கடமை பெற்ற மக்கள் மீதே உள்ளது. ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களிடத்திலேயே பாடுபடுமாறு நாயகம் (ஸல்) திருப்பியனுப்பினார்கள் என்றால், நம் வியாபாரம் எம்மாத்திரம்?

நானும் முதல் மாதம், வந்து ஓதி ஊதிவிட்டுப் போகும் மகனாகத்தான் இருந்தேன். ஒருநாள் லாத்தா, "தம்பி, நீ ஓதுறது உம்மாவுக்கு ரொம்பப் பிரியம். ஆனா எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் வேணும்" என்றார்கள். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று இரவு என் முறை. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும் என்பதை அந்த இரவுகளில்தான் கற்றேன். மறைக்க வேண்டியதை மறைத்துச் சுத்தம் செய்ய லாத்தா மகள் வருவாள். நான் வெளியே நிற்பேன். நோயாளிக்கும் வெட்கம் உண்டு. திரைச்சீலை ஒன்று கட்டாத நோயாளி அறை நம் வீடுகளில் இருக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர் ஊருக்கு வரும் மாதத்தில் முழுப் பொறுப்பையும் ஏற்று, அந்தச் சகோதரிக்கு ஓய்வு கொடுக்கட்டும். சேவை செய்கிறவரும் மனிதர்தான். களைத்த வாயிலிருந்துதான் 'சீ' என்ற சொல் வரும். அந்தச் சொல்லைத் தடுக்க வேண்டுமானால் களைப்பைப் பங்கிட வேண்டும்.

கயிறு பிடித்தவர்

இக்கடலில் 1961இல் கடைசியாக முத்துக் குளித்தார்கள். அதைக் கண்ட முதியவர்கள் சொல்வார்கள்: குளிப்பவர் கல்லைக் கட்டிய கயிற்றோடு ஆழத்துக்குப் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். பெரும்பாலும் அவர் மச்சானாக இருப்பார், தங்கை தாலியறக் கூடாதே என்ற கவலை அவருக்குத்தான் அதிகம் என்பார்கள். கீழே இருப்பவரைக் கயிறு பிடித்தவர் பார்க்க முடியாது. அவருக்காக மூழ்கவும் முடியாது. அவர் பேசுவது கேட்காது. கயிற்றின் அசைவு ஒன்றுதான் அவருடைய பேச்சு. முந்தி இழுத்தால் குளித்தவரின் உழைப்பு வீண். பிந்தி இழுத்தால் உயிர் போகும். ஆகவே கையில் கயிறும், மனத்தில் வேறு நினைவில்லாமலும் அவர் நிற்பார்.

பக்கவாதத்தில் வீழ்ந்த பெற்றோர் ஆழத்தில் இருக்கிறார்கள். கயிறு நம் கையில் இருக்கிறது. அசைவைக் கவனிப்பதே நம் வேலை.

பார்க்க வருவோருக்கு

நோய் விசாரிப்பது சுன்னத். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் நின்று, இவர் தேறமாட்டார், இப்படிக் கிடப்பதைவிட அல்லாஹ் எடுத்துக்கொண்டால் நல்லது என்று பேசுவது கொடுமை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நோயாளியிடம் நல்லதையே சொல்ல வேண்டும், சொல்வதற்கு மலக்குகள் ஆமீன் கூறுகின்றனர் என்று ஹதீதில் வந்துள்ளது. வந்து, ஸலாம் கூறி, அவரோடேயே பேசி, துஆச் செய்து, சீக்கிரம் விடைபெறுங்கள். காரணமின்றி அவர் அழுதாலும் சிரித்தாலும் அதுவும் நோயின் ஒரு தன்மை என்று அறிந்து அமைதி காத்திடுங்கள். நாள்கணக்கில் உண்ணாமலும் முகம் கொடாமலும் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, மருத்துவரிடம் கூறுங்கள்.

அவர் செய்த பாவத்தின் கூலி என்று எவரும் வாய் தவறியும் சொல்லலாகாது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபான் (ரஹ்) அவர்களைப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் அல்லாஹ்வின் பெயர் கூறி மும்முறை ஓதினால் எதுவும் தீங்கு செய்யாது என்ற, பிஸ்மில்லாஹ்வில் தொடங்கும் துஆவைத் தம் தந்தையிடமிருந்து அறிவித்தவர்கள் அவர்கள்தாம். அவர்களையே ஃபாலிஜ் என்னும் பக்கவாதம் தாக்கியது. ஹதீதைக் கேட்ட ஒருவர் அவர்களை வியப்போடு உற்றுப் பார்த்தார். அபான் (ரஹ்) முகம் சுளிக்கவில்லை. ஹதீது பொய்யன்று, தாக்கிய அந்த நாளில் தாம் அதை ஓதவில்லை, அல்லாஹ்வின் விதி நடந்தேறியது என்று கூறினார்கள். பக்கவாதமுற்ற உடலோடும் அந்தப் பெரியார் ஹதீதைப் போதித்தார்கள். இன்று உலகமெங்கும் காலை மாலை ஓதப்படும் அந்த துஆ, பக்கவாதமுற்ற ஒருவரின் நாவு வழியே நமக்கு வந்தது.

என் உம்மா அதன் பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். வலக் கை எழவில்லை. கம்பைப் பிடித்து முற்றம்வரை நடந்தார்கள். சில சொற்கள் திரும்பின. வஃபாத்துக்குச் சில நாள் முன்பு ஒரு மாலை, நான் தண்ணீர்க் குவளையை அருகில் கொண்டுபோனேன். உதட்டில் வைக்காமல், நீட்டியபடி காத்திருந்தேன். உம்மா இடக் கையால் குவளையைத் தாமே வாங்கி, பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார்கள். பிறகு என் தலையில் அந்தக் கையை வைத்தார்கள். என்னை மன்னித்துவிட்டார்கள் என்றே நம்புகிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் சிறுவயதில் எங்களைப் பரிவோடு வளர்த்ததுபோல் அவர்கள் மீது நீ பரிவு காட்டுவாயாக! படுக்கையில் இருப்போருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் உடல் வலிமையையும் தருவாயாக! பேச இயலாதவர் சொல்வதைக் கேட்கும் செவியை எங்களுக்கு அளிப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!